வினைமுற்று இல்லாத பதில்

அருண்,

எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றுமிருக்காது என்பது வாட்ஸ்அப்பில் நீ புதிதாக மாற்றியிருக்கும் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஏதோ மலையுச்சியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நிற்கிறாய். ஆகவே நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தபோது உன்னிடமிருந்து செய்தி வந்தது. "எனி அப்டேட் ஃப்ரம் தேர் சைட்?" அவ்வளவுதான். அம்மா என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் பக்கமிருந்து ஏதாவது சேதி உண்டா என்று கேட்கிறாய். உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் இன்னொரு அழைப்பு வந்துவிடும். ஆடியோவாக அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். போன தடவை நீ வந்திருந்தபோது உன் போனுக்குள்ளிருந்து என் குரலே அணில் மாதிரி கீச்சுக் கீச்சென்று வந்ததை நான் கேட்டேன். நீளமாக டைப் செய்தால் கட்டைவிரலைக் காட்டுவாய். காகிதத்தை வேகமாக ஓட்ட முடியாது. உட்கார்ந்து படி. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும். உன்னைப் போல ஒருவன் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறான். அவனைப் பெற்றவளும் என்னைப் போலவே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன் செய்தி வந்தபோது என் கையில் இருந்த விடைத்தாளிலும் இதே கதைதான். ஃபிரேஸ் பற்றிய கேள்வி. வருஷா வருஷம் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். நாலைந்து சொற்கள் கூட்டாக வந்து நிற்கும், அர்த்தம் இருப்பது போலவும் இருக்கும். ஆனால் யார், என்ன செய்தார் என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. ஏனென்றால் அதில் வினைமுற்று கிடையாது. வாக்கியத்துக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து வேலை செய்ய அதற்குத் தெரியும், தனியாக நிற்கத் தெரியாது. பிள்ளைகள் 'தி ஓல்டு மேன் அண்டர் தி ட்ரீ' என்று எழுதிவிட்டுப் பெரிதாக ஒரு முற்றுப்புள்ளியும் வைப்பார்கள். நான் சிவப்பு மையில், 'மரத்தடியில் கிழவர் இருக்கட்டும், அவருக்கு என்ன ஆயிற்று?' என்று எழுதுவேன். அவர்களுக்குப் பதினைந்து வயது. நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திவிடுவார்கள். உனக்கு முப்பது தாண்டிவிட்டது. நீ பேசுவது, எழுதுவது எல்லாமே மரத்தடிக் கிழவராகவே இருக்கிறது.

எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். நீயும் சரண்யாவும் முதன்முதலில் சந்தித்த அன்றே ஆரம்பித்துவிட்டது. பெண் பார்க்கிற சடங்கெல்லாம் அப்புறம் ஆகட்டும், முதலில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம் என்று அவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் பயிர்செய்கிற குடும்பம். பெண் அரசாங்கக் கால்நடை மருத்துவர். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் மாட்டு டாக்டரம்மா. நீ பெங்களூரிலிருந்து வந்து, இங்கே வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்து ஓட்டலில் அவளோடு வெகுநேரம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தாய். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாய். "இன்னாடா, புடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "நைஸ் கேர்ள்மா" என்றாய்.

நல்ல பெண். ஒரு பெயர், அதற்கு முன்னால் ஓர் அடைமொழி. பாடப் புத்தகத்தில் நவுன் ஃபிரேசுக்கு உதாரணமாகப் போடலாம். நல்ல பெண், சரி, அவளை என்ன செய்வதாக உத்தேசம்? நல்ல பெண், கட்டிக்கொள்கிறேன் என்றா? நல்ல பெண், பாவம், வேறு நல்ல இடமாகப் பார்க்கட்டும் என்றா? அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்பதற்குள் உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சொல்லக் கிளம்பியே விட்டார். பூ வைத்து நிச்சயம் செய்ய நாள் குறிக்கும்போதும் உன்னைக் கேட்டேன். "ஆஸ் யூ விஷ்மா" என்றாய். அதில் வினை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இலக்கணப்படி அது ஃபிரேஸைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த வினை யாருடையது? என்னுடையது. விரும்புகிறவள் நான். நீ அந்தப் பேச்சிலேயே இல்லை. பூ வைத்த அன்று காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினாய், பட்டுச் சட்டையில் போட்டோவுக்கு நின்றாய், சரண்யாவின் அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை, மாலையில் கிளம்பிப் போய்விட்டாய். அன்று முழுக்க நீ பேசியதில் எனக்கு நினைவிருக்கிற ஒரே முழு வாக்கியம், "சார்ஜர் எங்க இருக்கு?" என்பதுதான்.

நீ பிறவியிலேயே இப்படி என்றால் விட்டிருப்பேன். நான் பெற்ற பிள்ளை இப்படியில்லை. நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது கார்த்திகை தீபத்துக்குப் போன இடத்தில் கூட்டம் நெருக்கியதில் என் கை நழுவிவிட்டது. நான் பைத்தியக்காரி மாதிரி கோபுரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறேன், ஒலிபெருக்கியில் உன் குரல் வருகிறது. போலீஸ்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டாயாம். "என் பேரு அருண். எங்கம்மா பச்சப் புடவ கட்டியிருக்காங்க. அவங்க தொலைஞ்சி போயிட்டாங்க. நான் இங்க நிக்கிறேன். யாராவது அவங்களக் கூட்டிட்டு வாங்க." அழாமல், திக்காமல், எத்தனை வினைமுற்று பார். யார் தொலைந்தார்கள், யார் நிற்கிறார்கள், யார் வர வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அத்தனை கூட்டத்தில் நான் உன்னைக் கண்டுபிடித்தது அந்த வாக்கியங்களால்தான். இப்போது உன் கையில் ஒன்றுக்கு இரண்டு போன் இருக்கிறது, நீ எங்கே நிற்கிறாய் என்று யாருக்கும் தெரியவில்லை.

பூ வைத்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. மண்டபம் பார்க்க வேண்டும், தை மாதத்திலா சித்திரையிலா என்று கேட்டால், "ஆஃப்டர் தி ரிலீஸ்." உன் அப்பா பாவம், "யாருக்குடி ரிலீசு? யாராவது உள்ள இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஜெயிலில் இருக்கிற யாரோ நண்பன் வெளியே வந்த பிறகுதான் கல்யாணம் என்று அவர் நினைத்துவிட்டார். அது நீங்கள் கம்ப்யூட்டரில் ஏதோ செய்து வெளியிடுவது என்று விளக்கினேன். அது ஆயிற்றா, எப்போது ஆகும் என்று கேட்டால், "வெயிட்டிங் ஃபார் அப்ரூவல்." லீவு எத்தனை நாள் போடுவாய் என்றால், "டு பி டிசைடட்." முடிவு செய்யப்பட வேண்டியது. யாரால்? உன் கம்பெனியாலா, உன்னாலா, அண்ணாமலையாராலா? மாடி அறைக்கு உங்கள் இருவருக்கும் என்று பெயின்ட் அடிக்கலாம், என்ன கலர் வேண்டும் என்று கேட்டதற்கு, "சம்திங் லைட்." பெயின்டர் என்னைப் பார்த்து, "லைட்டுன்னா எந்த லைட்டும்மா?" என்றார். அவர் பிரைமரோடு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஃபிரேஸ் எத்தனை வகைப்படும் என்று என் பிள்ளைகளுக்கு உதாரணம் தேட வேண்டிய கஷ்டமே இந்த வருஷம் இல்லை. உன் செய்திகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதினால் பாடம் முடிந்தது.

எனக்குச் சிரிப்பாக இருந்த வரைக்கும் சரி. சிரிப்பு நின்ற இடத்தைச் சொல்கிறேன். சரண்யாவின் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வரப்போகிற மாப்பிள்ளை என்று அவள் அப்பா உனக்குத் தனியாகப் போன் செய்து கூப்பிட்டார். அதற்கு முந்தின நாள் மதிய இடைவேளையில் எங்கள் பள்ளிக்கூட கேட்டில் வந்து நின்றார். வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார், காலில் சேறு காயவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"டீச்சரம்மா, மாப்ள மெசேஜ் போட்டுகிறாரு. இங்கிலீசுல கீது. பொண்ணு டூட்டில போன் எடுக்கல. இதுல வரேன்னு கீதா, வரலன்னு கீதா?"

வாங்கிப் பார்த்தேன். "ட்யூ டு அன்அவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்சஸ்." பக்கத்தில் கைகூப்புகிற படம் ஒன்று. தவிர்க்க முடியாத காரணங்களால், அவ்வளவுதான். அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை.

"காரணங்களாலன்னு போட்டிருக்கான்ங்க" என்றேன்.

"காரணத்தால இன்னாவாம்?"

அவர் கேட்ட கேள்வி எந்த இலக்கண ஆசிரியரும் கேட்கிற கேள்விதான். நான் என்ன சொல்வது? அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "வரப் பாக்கறேன்னு சொல்றான்ங்க" என்று சொல்லிவிட்டேன். நீ சொல்லாத ஒரு வினையை நானே ஒட்டிக் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் காதுகுத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலியில் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போட்டு, யாரையும் உட்காரவிடாமல் உனக்கென்று வைத்திருந்தார். வருகிற சொந்தக்காரர்களிடம், "மாப்ள வராரு, பெங்களூர்லருந்து வராரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பந்தி எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தபோது, எங்களைப் பார்க்காமல் அந்தத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். எங்களிடம் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அன்றே உனக்குப் போன் செய்தேன். உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். "டேய், எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லு. இந்தப் பொண்ணைக் கட்டிக்கிறியா, இல்லையா?" என்றேன். நீ, "அம்மா, இட்ஸ் நாட் தட் சிம்பிள்" என்றாய். எழுவாய் இருந்தது, வினை இருந்தது, முற்றுப்புள்ளி வைக்கலாம். எத்தனையோ மாதத்தில் நீ என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அதைச் செலவழித்தது எதற்கு என்றால், வாக்கியம் பேசுவது அவ்வளவு சுலபமில்லை என்று சொல்வதற்கு. எனக்கு வந்த கோபத்தில் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். உன் அப்பா வழக்கம்போல, "விடு, புள்ளைக்கு என்ன வேலை நெருக்கடியோ" என்றார். உனக்காக இத்தனை நாள் வக்கீல் வேலை பார்த்தவர் அவர்.

இதற்கு நடுவில் சரண்யாவுக்கு மாறுதல் கவுன்சிலிங் வந்தது. எந்த ஊர் வேண்டும் என்று அவள் சொல்லியாக வேண்டும். ஓசூர்ப் பக்கம் ஓர் இடம் காலி இருந்தது. அங்கிருந்து பெங்களூர் எட்டிப் பிடிக்கிற தூரம். கல்யாணம் ஆனால் அதுதான் சௌகரியம். ஆனால் அவளுக்கு மனதுக்குள் ஆசை ஜவ்வாது மலை. மலைக் கிராமங்களில் ஆடு மாட்டுக்கு வைத்தியம் பார்க்க ஆள் கம்மி, அங்கே போனால் உண்மையான வேலை இருக்கும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு உன்னிடம் கேட்டாள்: ஓசூர் கேட்கட்டுமா? நீ பதில் அனுப்பினாய்: "பாசிபிளி எ குட் ஆப்ஷன்." நல்ல யோசனையாக இருக்கலாமாம். ஒரு பெண் தன் வேலையை, ஊரை, வாழ்க்கையை எங்கே கொண்டுபோய் வைக்கட்டும் என்று கேட்கிறாள். நீ ஓட்டல் சர்வரிடம் சட்னியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்லியிருக்கிறாய்.

இது தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவுன்சிலிங் என்றைக்கு என்று எனக்குச் சரியாகத் தெரியாது; அதற்குள் அவளைப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று நேற்று விடுமுறையில் கிளம்பினேன். அடி அண்ணாமலையில் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம், ஆள் போதவில்லை என்று அவளையும் அங்கே போட்டிருந்தார்கள். ஆட்டோ பிடித்துப் போனேன். கிரிவலப் பாதையை ஒட்டின காலி மனையில் மாடுகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில் ஊசி, நெற்றியெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்க அத்தை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இது ஒதைக்கும்."

"ஓசூர் விஷயமா பேசலாம்னு வந்தேன்மா. நீ ஓசூரே கேட்டுடு. அருணுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

"அவரு சொன்னாரா?"

"சொன்ன மாதிரிதான்."

"சொன்னாரா அத்தை?"

மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர், "டாக்டரம்மா, மெரளுது, சீக்கிரம் போடுங்க" என்றார். அவள் மாட்டின் கழுத்தில் ஊசியைப் போட்டு, அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். அடுத்த மாடு வருவதற்குள் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பூ வெச்ச நாள்லருந்து அவரு எங்கிட்ட பேசினதை விட அவருக்காக நீங்க பேசினதுதான் ஜாஸ்தி அத்தை. அவருக்கு இந்தக் கலர் புடிக்கும்னீங்க. காதுகுத்துக்கு வர ரொம்ப ஆசப்பட்டார்னீங்க. என்னைப் பத்தி வீட்ல எப்பவும் கேக்கறார்னீங்க. எல்லாம் நீங்கதான் சொன்னீங்க. உங்களைக் கட்டிக்கிறதா இருந்தா நான் எப்பவோ ஓசூர் கேட்டிருப்பேன்."

மாட்டுக்காரர் சிரித்துவிட்டார். நான் கையிலிருந்த பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"கவுன்சிலிங் முந்தாநாளே முடிஞ்சிடுச்சி. ஜவ்வாது மலை கேட்டு வாங்கிட்டேன். அருணை நான் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்ல. அப்பாகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க டீச்சர்."

அத்தை என்று ஆரம்பித்தவள் டீச்சர் என்று முடித்தாள். வேண்டுமென்று சொல்லவில்லை, அவளையறியாமல் வந்தது. அதனால்தான் எனக்கு அப்படி உறைத்தது.

"கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"கோவம் இல்ல. அலுத்துப்போச்சு. எங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லாத ஜீவனுக்குத்தான் நான் பகல் பூரா வைத்தியம் பாக்கறேன். வீட்லயும் அதே வேலையான்னு யோசிச்சேன். வேணாம்னு தோணுச்சி."

சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த மாட்டிடம் போய்விட்டாள். நான் கொண்டுபோன கொய்யாப்பழப் பையை அங்கிருந்த நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம், இப்படி ஒரு மருமகள் என் வீட்டுக்கு வர இருந்தாளே என்று வயிறு எரிந்தது. அதைவிட, அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் திருத்த முடியவில்லையே என்று எரிந்தது.

மாலையில் அவள் அப்பா உன் அப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டேன். "பொண்ணு வேணான்னுட்டா. உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லீங்க. பையன் ஒரு தபா வந்து சொல்லியிருந்தா போதும். எனக்கு இஷ்டம் இல்லன்னு சொன்னாக்கூட நான் இன்னா கழுத்தப் புடிச்சா தள்ளியிருப்பேன்? உக்கார வெச்சி காபி குடுத்துதான் அனுப்பிச்சிருப்பேன்" என்றார். உன் அப்பா, "ஆமாங்க, ஆமாங்க" என்றார். போனை வைத்துவிட்டு வெளியே போய், ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த பைக்கை மறுபடியும் துடைத்தார். உனக்காக வாதாட வரவில்லை.

இதுதான் அந்தப் பக்கத்து அப்டேட்.

நேற்று இந்த இடத்தோடு கடிதத்தை முடித்து ஒட்டியும் விட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் தபால் ஆபீஸ் மூடிவிட்டது. அதனால் இன்று காலை நீ போன் செய்தபோது உறை என் மேசைமேலேதான் கிடந்தது. பேசி முடித்த பிறகு பிரித்து மேலும் எழுதுகிறேன். நாம் பேசியதையே ஏன் எழுதுகிறாள் என்று நினைக்காதே. போனில் பேசியதைச் சொன்ன மாதிரிதான், சொல்லாத மாதிரிதான் என்று நாளைக்கே ஆக்கிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

"அம்மா, சரண்யா மெசேஜ் பண்ணியிருக்காங்க" என்று ஆரம்பித்தாய்.

"தெரியும்" என்றேன்.

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. மற்ற நாளாக இருந்தால் அந்த இடைவெளியை நான் நிரப்பியிருப்பேன். சாப்பிட்டியா, உடம்பு சரியில்லையா, சரி விடு நான் பேசிக்கிறேன் என்று ஏதாவது சொல்லி உன்னைக் காப்பாற்றியிருப்பேன். உன் அப்பா எதிரே நின்று, ஏதாவது பேசு என்று ஜாடை காட்டுகிறார். நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கு அது எவ்வளவு நேரமாக இருந்ததோ, எனக்கு ஒரு யுகம்.

"அம்மா, எனக்குக் கல்யாணம் வேணாம்மா."

"சரண்யா வேணாமா, கல்யாணமே வேணாமா?"

"கல்யாணமே வேணாம்மா. சரண்யா நல்லவங்க. யாரா இருந்தாலும் நான் இப்படித்தான் இருந்திருப்பேன். எனக்குத் தனியா இருக்கத்தான் புடிச்சிருக்கு. ரொம்ப நாளா தெரியும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்ல பயந்தேன். சொல்லாம இருந்தா தானா நின்னுடும்னு நெனச்சேன்."

தானாக நிற்கவில்லை, அருண். ஒரு பெண் நிறுத்தினாள். நீ பயந்த பயத்தின் செலவையெல்லாம் அவள் தலையில் வைத்தாய். அதை முதலில் புரிந்துகொள்.

நீ சொன்னது எனக்குச் சந்தோஷம் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அவன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நாளைக்கு நாங்கள் போன பிறகு உனக்கு யார், காய்ச்சல் என்று படுத்தால் யார் என்று உன்னோடு சண்டை போடப்போகிறேன். நீ பதில் சொல்வாய், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அழுவேன், பேசாமல் இருப்பேன், எப்போதாவது ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்வேன். எனக்கே தெரியாது. ஆனால் நீ சொன்னதோடு சண்டையாவது போட முடியும். 'காரணங்களால்' என்று பாதியில் தொங்குகிற ஒன்றோடு மனுஷி எப்படிச் சண்டை போடுவாள்? எதைப் பிடித்து இழுப்பாள்? இத்தனை மாதமாக நான் காற்றோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனேன். இன்று காலையில்தான் எனக்கு எதிரே ஒரு மகன் நின்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவன் நிற்கிறான் என்பது வேறு விஷயம்.

இப்போது உனக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வா. நம் வீட்டுக்கு அப்புறம் வரலாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் செஞ்சி பஸ்ஸில் ஏறிக் கீழ்பென்னாத்தூரில் இறங்கு. சரண்யா மலையில் வேலைக்குச் சேரப் போயிருப்பாள், அவளைத் தேடிப் போய்த் தொந்தரவு செய்யாதே. அவளாகப் பேச வந்தால் அவளிடம் தனியாக மன்னிப்புக் கேள், வராவிட்டால் அவளை விட்டுவிடு. அவள் அப்பா வீட்டில் இருப்பார். நான் உன்னோடு வர மாட்டேன். நான் வந்தால் நீ தொடங்குவதை நான் முடித்துவிடுவேன். உன் அப்பாவும் வர மாட்டார்; வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். இங்கிலீஷ் பேசாதே. ரிலீஸ், அப்ரூவல், சூழ்நிலை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகாதே. அவர் காபி கொடுத்தால் குடி. திட்டினால் வாங்கிக்கொள். அவர் வீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தலையைக் குனிந்துகொள். எழுந்து வெளியே போடா என்று அவர் சொன்னால் போய்விடு.

ஆனால் சொல்லிவிட்டுப் போ.

அம்மா